ஜெபக் காய்ப்பு

என்னைப் பார்க்க வருகிறவர்கள் "எப்படி இருக்கே பாக்கியம்?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டு, அடுத்த நொடியே கண்ணைக் கீழே இறக்குகிறார்கள். சேலைக்குள் ஒரு கால் இருக்கிறது, இன்னொன்று இல்லை. கேட்கவும் கூச்சம், கேட்காமல் போகவும் மனசில்லை. டீத்தண்ணியைக் குடித்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன், வேண்டியவர்கள் வாசித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் உபதேசியாரின் மனைவி ஞானதீபம் அக்கா இதைச் சபையில் சாட்சியாகச் சொல்லச் சொன்னார். சாட்சி என்றால் கடைசியில் சுகம் கிடைத்து, எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லிக் கைதட்ட வேண்டும். என்னிடம் அப்படி ஒரு முடிவு இல்லை. மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நாங்கள் இருப்பது வங்காளத்தில், கார்டன் ரீச் என்கிற ஆற்றோரத்து ஊரில். எங்க வீட்டுக்காரர் தேவசகாயம் கப்பல் அணைகிற ஜெட்டியில் குமாஸ்தா; கப்பலில் ஏறுகிற சணல் மூட்டைகளை எண்ணிச் சரிபார்க்கிற வேலை. கல்யாணமான கையோடு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே வந்தோம். பிள்ளை வேண்டும் என்றுதான் நான் முழங்கால்போட ஆரம்பித்தேன். பிள்ளை வரவில்லை. முழங்கால் போடுவது மட்டும் நிற்கவில்லை.

சணல் மில்லின் சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே எழுந்துவிடுவேன். முகம் கழுவி, வேதம் வாசித்து, செங்கல் தரையில் முழங்கால்படியிட்டால் சங்கு ஊதினபிறகுதான் எழுந்திருப்பேன். வெள்ளிக்கிழமை பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம். இங்கே உள்ள தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களின் பெண்கள் எல்லாரும் அன்று அக்கா வீட்டில் கூடுவோம். கட்டளை எல்லாம் அக்காவுடையது. பாய் விரிக்கக் கூடாது, சுவரில் சாயக் கூடாது, கை ஊன்றக் கூடாது.

ஜெபம் முடிந்ததும் ஒன்று நடக்கும். வெளியே சொன்னால் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். கதவைச் சாத்திவிட்டு, நாங்கள் சேலையைக் கொஞ்சம் உயர்த்தி ஒருத்தி முழங்காலை இன்னொருத்தி பார்ப்போம். அங்கே தோல் கறுத்துத் தடித்திருப்பதற்கு எங்களுக்குள் ஜெபக் காய்ப்பு என்று பெயர். காய்ப்பு இல்லாதவள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்குத்தான் எல்லாரையும்விடக் கெட்டியான காய்ப்பு. அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று ஆண்டவருக்குத் தெரியும்.

எங்க வீட்டுக்காரருக்கு ஜெபம் என்றால் தூக்கம். கண்ணை மூடினால் போதும், குறட்டை வந்துவிடும். நான் பக்கத்தில் ஒரு செம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு அவர் முகத்தில் தெளிப்பேன். மனுஷர் கோபிக்கவே மாட்டார். துடைத்துக்கொண்டு மறுபடியும் தூங்குவார்.

ஒருநாள் ஜெட்டியிலிருந்து ஒரு புதுச் சாக்கு கொண்டுவந்தார். நாலாக மடித்து, நான் முழங்கால் போடுகிற இடத்தில் போட்டார்.

"தரை ஈரமா கெடக்கு பாக்கியம். இதும்மேல போடேன்."

நான் காலாலேயே அதைத் தள்ளிவிட்டேன். "ஆண்டவர் தோட்டத்துல ஜெபிச்சப்போ சாக்கு விரிச்சா ஜெபிச்சார்?"

அவர் சாக்கை எடுத்துப்போய்த் தண்ணீர்ப் பானைக்கு அடியில் போட்டார்.

அந்த வருஷம் மழை விடவே இல்லை. தரையெல்லாம் ஓதம். என் வலது முழங்காலின் முன்பக்கம் ஒரு வீக்கம் வந்தது, எலுமிச்சம்பழம் அளவு. வலியில்லை. அழுத்தினால் உள்ளே தண்ணீர் நகர்கிற மாதிரி இருக்கும். வெள்ளிக்கிழமை அக்காவிடம் காட்டினேன். அக்கா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஏட்டி பாக்கியம், கர்த்தர் உனக்கு அடையாளம் போட்டிருக்கார்ட்டி!" மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக வந்து தொட்டார்கள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அந்த மாதம் முழுக்க அந்த வீக்கத்தின் மேலேயே இன்னும் கூடுதலாக முழங்கால் போட்டேன்.

பிறகு தோல் வெடித்தது. வெடிப்பைச் சுற்றிச் சிவந்து, தொட்டால் சுட்டது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டேன். எங்க வீட்டுக்காரர் கம்பெனி டாக்டரைக் கூட்டிவருகிறேன் என்றார். ஆம்பிளைக்கு நான் முழங்காலைக் காட்டுவதா? முடியவே முடியாது என்றேன். அன்றைக்கு மட்டும் காட்டியிருந்தால் இதை எழுதவேண்டிய வேலையே இருந்திருக்காது. அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா வீட்டில் முழங்காலிலிருந்தபடியே குளிர் எடுத்து உடம்பு தூக்கிப்போட்டது. பாதி ஜெபத்தில் சரிந்து விழுந்தேன். பெண்கள் முதலில் அது பரிசுத்த ஆவியின் அசைவு என்று நினைத்துப் பாடினார்களாம். நெற்றியைத் தொட்டுப் பார்த்தபிறகுதான் பாட்டு நின்றதாம்.

எங்க வீட்டுக்காரர் என்னைக் குதிரைவண்டியில் பெண்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் நான் கத்தினேன். பர்தா வீட்டுப் பெண்கள் வருகிற ஆஸ்பத்திரி அது, ஆண்கள் உள்ளே வரக்கூடாது. வாசல் கேட்டில் என்னைத் தூக்குப்படுக்கையில் மாற்றும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"காலை வெட்டணும்னு சொல்லுவாங்க. விடாதீங்க. கால் போனா நான் எதைப் போட்டு ஜெபிக்கிறது? எனக்குச் சத்தியம் பண்ணுங்க."

"சத்தியம்," என்றார்.

துரைசானி டாக்டர் முழங்காலைப் பார்த்ததும் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். கூட நின்ற சின்ன டாக்டர் குமுதினி வங்காளப் பெண். அவள் என்னை அக்கா என்கிற அர்த்தத்தில் தீதி என்று கூப்பிட்டு, ஹிந்துஸ்தானியில் சொன்னாள்: முழங்கால் சில்லுக்கு முன்னால், எலும்பு தோலில் உரசாமல் இருக்க, எல்லாருக்கும் ஒரு சின்னப் பை இருக்கிறது. ஓயாமல் முழங்கால் போட்டால் அதில் நீர் கட்டும். விட்டுவிட்டால் தானாகவே வற்றிவிடும். "இது வேலைக்காரிங்களுக்கு வர்ற வியாதி, தீதி. சீமையில தரை தேய்க்கிற பொம்பளைங்களுக்கு வரும். நீங்க எந்த வீட்டில தரை தேய்க்கிறீங்க?"

தரை தேய்க்கிறவளா! காய்ச்சல் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஜெபம் என்றேன். குமுதினி அதைத் துரைசானியிடம் சொன்னாள். துரைசானி என் முகத்தையும் முழங்காலையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவள்தானே.

ஊசியால் குத்திப் பார்த்தபோது நீருக்குப் பதில் சீழ் வந்தது. வெடிப்பு வழியாக அழுக்கு உள்ளே போய், பையைத் தாண்டி மூட்டுக்குள்ளேயே இறங்கிவிட்டது என்றார்கள். குளோரோபாரம் கொடுத்து, கீறி, உள்ளே ரப்பர் குழாய் வைத்தார்கள். இடுப்பிலிருந்து பாதம் வரை மரச்சட்டத்தில் காலைக் கட்டினார்கள். தினமும் காலையில் புண்ணைக் கழுவ கார்பாலிக் மருந்துத் தண்ணீரை அந்தக் குழாய் வழியாக விடுவார்கள். அந்த மருந்தைக் கொண்டுவருகிற தள்ளுவண்டியின் சத்தம் கேட்டாலே என் வாய் உலர்ந்துவிடும். கார்பாலிக் நெடி இப்போதுகூட எங்காவது அடித்தால் சோறு இறங்காது.

பக்கத்துக் கட்டிலில் பிள்ளை பெற்றுக் காய்ச்சல் கண்ட ஒரு சின்னப்பெண் இருந்தாள். பெயர் எனக்குத் தெரியாது. என் பக்கம் திரும்பி வங்காளத்தில் பேசிக்கொண்டே இருப்பாள், நான் தமிழில் பதில் சொல்லுவேன். ஒரு காலையில் அந்தக் கட்டிலில் துவைத்த விரிப்பு இருந்தது. ஆயா கிரிபாலா என் கண்ணைத் துடைத்து, "கேந்தோ நா, மா" என்றாள். அழாதே என்று அர்த்தம். அவளும் அழுதுகொண்டுதான் சொன்னாள்.

அந்தப் பெண்ணுக்காக ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினேன். ஒரு வார்த்தை வரவில்லை. மல்லாந்து கிடந்துகொண்டு ஆண்டவரிடம் எப்படிப் பேசுவது? எத்தனையோ வருஷமாக ஜெபித்தவள், முழங்கால் மடங்காவிட்டால் எனக்குள் ஜெபமே இல்லை. என் பக்தி எல்லாம் அந்தக் கறுத்த தோலில்தான் இருந்ததா? அந்த யோசனை வந்தபோது பட்ட பயம் கத்திக்குக்கூடப் பட்டதில்லை.

காய்ச்சல் இறங்கவில்லை. கண்ணாடிக் குச்சியை வாயில் வைத்து எடுத்துப் பார்க்கிற நர்ஸ் என் முகத்தைப் பார்க்காமல் போக ஆரம்பித்தாள். கண் குழிந்தது. படுக்கைப்புண் வந்தது. ஒருநாள் துரைசானி குமுதினியோடு வந்து நின்றாள். "விஷம் ரத்தத்தில கலக்க ஆரம்பிச்சாச்சு தீதி. நாளைக்கே காலை எடுக்கணும், முழங்காலுக்கு மேல. எடுக்கலேன்னா நீங்க இருக்கமாட்டீங்க."

வேண்டாம் என்றேன். புருஷன் சம்மதம் இருந்தால் போதும் என்றார்கள். அப்படியானால் எனக்குப் பயமில்லை, அவர் சத்தியம் பண்ணியிருக்கிறார் என்றேன்.

வராந்தாவில் சிக்கு என்கிற மூங்கில் தட்டி தொங்கும். ஆண்கள் அதற்கு அந்தப்பக்கம் நின்று பேசலாம். என் கட்டிலை அதன் ஓரமாகத் தள்ளினார்கள். சிக்கின் இடுக்கில் அவருடைய வெள்ளைச் சட்டை மட்டும் கோடு கோடாகத் தெரிந்தது.

"டாக்டரம்மா சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"சத்தியம் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அப்போ வேண்டாம்னு சொல்லிருங்க. நான் முழங்காலோட போயிருதேன்."

வெள்ளைச் சட்டை சிக்கை விட்டு நகர்ந்தது. போய்விட்டாரோ என்று நினைத்தேன். பிறகு தொண்டையைச் செருமினார். "சரி பாக்கியம். நீ தூங்கு."

நான் நிம்மதியாகத் தூங்கினேன். சாவுக்கு ஆயத்தமாகிவிட்டேன் என்றுகூட நினைத்தேன். காலையில் தள்ளுவண்டிக்குப் பதில் தூக்குப்படுக்கை வந்தது. கழுவுகிறதற்குத்தான் என்று கிரிபாலா சொன்னாள். முகத்தில் துணிக்கூண்டை வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தேன், குளோரோபாரம்தான் உள்ளே போனது.

விழித்தபோது வாந்தி வாந்தியாக வந்தது. போர்வையைப் பார்த்தேன். இடதுபக்கம் மேடாக இருந்தது. வலதுபக்கம் பாதியோடு தட்டை.

சரி என்று சொல்லிவிட்டு நேரே போய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறார்! என்னைத் தூங்கச் சொல்லிவிட்டு! கிரிபாலாவிடம் சொன்னேன்: "அவரை இனிமே வரவேண்டாம்னு சொல்லு." அவள் போய்ச் சொன்னாள். அவர் வருவதை நிறுத்தவில்லை. சிக்குக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருப்பார், இருமல் சத்தம் கேட்கும். ஆரஞ்சுப்பழம் உரித்து, கொட்டை எடுத்து, ஒரு கிண்ணத்தில் போட்டு ஆயா கையில் கொடுத்தனுப்புவார். நான் அதைக் கிரிபாலாவையே தின்னச் சொல்லிவிடுவேன். செலவைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. கையில் கிடந்த காப்பு எங்கே என்று யாரும் கேட்காதிருந்தால் சரி.

காய்ச்சல் விட்டது. ஆனால் ஒரு அநியாயம் நடந்தது. இல்லாத கால் வலித்தது. அதுவும் எந்த இடம்? முழங்கால். செங்கல் தரையில் போட்டு அழுத்துகிற அதே வலி, அப்படியே. குனிந்து தடவப் போனால் விரிப்புதான் கையில் படும். காலுக்குப் போகிற நரம்பு வெட்டின இடத்தில் நின்றுவிட்டது, கால் போன சமாசாரம் அதற்கு இன்னும் தெரியாது என்று குமுதினி சொன்னாள். "எப்போ தெரியும்?" என்றேன். "சிலருக்குத் தெரியவே தெரியாது, தீதி." நான் ஆண்டவரைத் திட்டினேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நல்ல கிராமத்து வசவாகவே திட்டினேன். அந்தக் கட்டிலில் கிடந்து நான் அவரிடம் பேசின முதல் பேச்சு அதுதான்.

ஞானதீபம் அக்கா பார்க்க வந்தார். பாட ஆயத்தமாக வந்தவர் போர்வையைப் பார்த்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ஏட்டி... நாந்தானேட்டி அதைத் தொட்டுக் கண்ணுல ஒத்தினேன்," என்று அழுதார். அழும்போதெல்லாம் அவர் கை தன் முழங்காலைச் சேலையோடு பொத்திக்கொண்டே இருந்தது. "அக்கா, உங்களுக்கும் இருக்கா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினார். இங்கேயே, இப்பவே குமுதினியிடம் காட்டுங்கள் என்று நான் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. காட்டினார். அவருடையது வெடிக்கவில்லை. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் கதவைச் சாத்துகிறதில்லை என்று கேள்வி.

எங்க வீட்டுக்காரர் என்னை வீட்டுக்குக் கொண்டுவந்தார். வண்டியிலிருந்து என்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தபோது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முன்னறையில் கட்டில் போட்டிருந்தார், பக்கத்தில் ஊன்றுகோல். சமையலும் அவர்தான். குழைந்த சோறு, உப்பு கூடின குழம்பு. நான் "தண்ணி", "போதும்" தவிர வேறு பேசுவதில்லை. விடியுமுன்னே அவர் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அடுப்பு மூட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு கிடப்பேன். ஜெபம் செத்துப்போன வீடு என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

ஒருநாள் காலையில் முற்றத்துக் குழாயடியில் அவர் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கால் கழுவிக்கொண்டிருந்தார். கட்டிலிலிருந்து பார்த்தால் குழாயடி தெரியும். இரண்டு முழங்காலும் கறுத்துக் கிடந்தன. வலது முழங்காலில் ஒரு வீக்கம், எலுமிச்சம்பழம் அளவு.

"ஐயோ, என்ன காரியம் பண்ணீங்க!"

நான் போட்ட கூச்சலில் அவர் கையிலிருந்த செம்பு விழுந்து உருண்டது. ஓடிவந்தார். "என்ன பாக்கியம், என்ன செய்யுது?"

"இது என்னது? எப்போ இருந்து?"

வேஷ்டியை இறக்கிவிட்டார். திருட்டுப் பிடிபட்டவர் மாதிரி நின்றார். "உனக்குக் காலை எடுத்த அன்னைக்கிலேருந்து."

"உங்களுக்குத்தான் ஜெபம்னா தூக்கம் வருமே!"

"இப்பவும் வருது. பாதி நேரம் தூங்கிட்டுதான் இருக்கேன். முழங்கால்ல இருந்துகிட்டே தூங்குதேன்." ஈரக் கையைத் துண்டில் துடைத்தார். "உன் முழங்காலை எடுக்கச் சொன்னது நான்தானே. அது செஞ்ச வேலையை வேற யாரு செய்யறது? சத்தியத்தை முறிச்சேன், பாக்கியம். உன்னைச் சாகவிட என்னால முடியல."

எனக்குள் அத்தனை நாளாகக் கட்டியிருந்தது உடைந்தது. வாய்விட்டு அழுதேன். எடுத்த காலுக்காக அதுவரை நான் அப்படி அழுததில்லை. அவர் என்ன செய்வது என்று தெரியாமல் துண்டால் என் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கே கம்பெனி டாக்டரிடம் துரத்திவிட்டேன். நீர்தான், சீழ் இல்லை, இனிமேல் முழங்கால் போடாவிட்டால் வற்றிவிடும் என்று டாக்டர் சொன்னதாக வந்து சொன்னார். போடமாட்டேன் என்று என் தலையில் கை வைக்கவந்தார். உங்கள் சத்தியம் ஒன்றும் வேண்டாம், சொன்னால் போதும் என்றேன்.

மறுநாள் விடியுமுன் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு நானே சமையலறைக்குப் போனேன். தண்ணீர்ப் பானையை நகர்த்தச் சொன்னேன். அடியில் அந்தச் சாக்கு நைந்துபோய்க் கிடந்தது. உதறி, என் நாற்காலிக்குப் பக்கத்தில் விரிக்கச் சொன்னேன்.

அவர் கையில் சாக்கோடு நின்றார். உதட்டோரத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. "ஆண்டவர் சாக்கு விரிச்சா ஜெபிச்சார்?"

"அவர் ஜெபிச்ச இடத்துல புல்லு இருந்திருக்கும். விரிங்க. விரிச்சு, காலை நீட்டி உட்காருங்க."

உட்கார்ந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். எனக்கு இப்போதெல்லாம் நீளமான ஜெபம் வருவதில்லை. பிள்ளையைப் பற்றிக் கேட்கவில்லை, காலைப் பற்றிக் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் செத்துப்போன அந்தப் பெண்ணின் குழந்தை யார் கையில் இருக்கிறதோ, அதைப் பார்த்துக்கொள்ளும் என்றேன். அவ்வளவு சொல்வதற்குள் குறட்டை கேட்டது. அவர் தலை சாய்ந்து சாய்ந்து, என் வெட்டுப்பட்ட காலின் நுனியில் வந்து பொத்தென்று விழுந்தது.

உயிர் போகிற வலி. கைக்கெட்டுகிற தூரத்தில் செம்புத் தண்ணீர் இருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஆமென் சொன்னேன். மில் சங்கு ஊதுகிற வரைக்கும் அவரை எழுப்பவில்லை.